நாலு செகண்டு

இத எழுதணும்னு மூணு தடவை ஆரம்பிச்சு விட்டுட்டேன். பெரிய விஷயம்லாம் ஒண்ணும் இல்ல, யாரும் சாகல, யாரும் கேஸ் போடல. 2024 டிசம்பர் 4, புதன்கிழமை ராத்திரி 9 மணிக்கு மேல ஒரு அக்கா பாண்டிச்சேரில ஒரு மெத்தைக் கடைக்கு மெசேஜ் போட்டாங்க, ஏஐ அதுக்கு ஒரு பதிலை ரெடி பண்ணி வெச்சுது, நான் அதத் திறந்து பாத்துட்டு 'அனுப்பு'ன்னு அழுத்தினேன். திறந்ததுக்கும் அழுத்தினதுக்கும் நடுவுல 4 செகண்டு. ஞாபகத்துல இருந்து சொல்லல, கம்ப்யூட்டர் தானா குறிச்சு வெக்கிற லாக்ல அப்படியே பதிவாகி இருக்கு, ஒரு பக்கம் திறந்த நேரம், அதுக்குப் பக்கத்துலயே ஒப்புதல் நேரம். அந்த 4 செகண்டு எனக்கு இன்னும் செரிக்கல.

என் வேலையச் சொல்லிடுறேன். கடைக்காரங்களோட ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸப், கூகுள் ரிவ்யூ, இது எல்லாத்துக்கும் வர்ற கேள்விக்கு அவங்க பேர்ல பதில் சொல்றது. முத்தியால்பேட்டையில மாடில ஒரு ரூம், நானும் ஒரு தம்பியும். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து தினம் பஸ்ல வந்து போறேன். ஒயிட் டவுன்ல ஒரு ஹோம்ஸ்டே, மிஷன் வீதி பக்கம் ஒரு துணிக்கடை, ஒரு பேக்கரி, ஒரு ஸ்கேன் சென்டர், இந்த மெத்தைக் கடை, இப்படி 11 பேரு. முன்னாடி எல்லாத்தையும் கையாலதான் அடிச்சோம், விரல் வலிக்கும். அப்புறம் தெரிஞ்ச பையன் ஒருத்தன் ஒரு டூல் செஞ்சு குடுத்தான். மெசேஜ் வந்தா இடது பக்கம் அது நிக்கும், வலது பக்கம் ஏஐ எழுதின டிராஃப்ட் நிக்கும், கீழ மூணு பட்டன், அனுப்பு, திருத்து, தூக்கிப் போடு. நாங்க அழுத்தாம ஒரு எழுத்து வெளிய போகாது. 'மனுஷங்க பாத்து ஓகே பண்ணாம எதுவும் போகாதுங்க'ன்னு ஒவ்வொரு கடைக்காரர்கிட்டயும் நானே என் வாயால சொல்லியிருக்கேன், அவங்க அதை நம்பித்தான் பேஜோட பாஸ்வேர்டைக் குடுத்தாங்க. நானும் நம்பினேன்.

டூலைக் குறை சொல்ல வரல. ஹோம்ஸ்டேக்கு பிரெஞ்சுல ரிவ்யூ வரும், முன்னாடி அதைக் கூகுள்ல போட்டு தமிழாக்கிப் படிச்சு, பதில இங்கிலீஷ்ல எழுதி, திரும்ப பிரெஞ்சாக்கி, அது சரியா தப்பான்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருப்போம். இப்ப அரை நிமிஷ வேலை. ஞாயித்துக்கெழம கடை உண்டா, பார்க்கிங் இருக்கா, ஸ்கேனுக்கு வெறும் வயித்துல வரணுமா, இதையெல்லாம் ஒரு நாளைக்கு 40 தடவை அடிச்சவங்களுக்குத்தான் அந்த நிம்மதி தெரியும். ரெடிமேட் வார்த்தைங்கிறதுல தப்பே இல்ல. தந்தி ஆபீஸ்ல கல்யாண வாழ்த்துக்கு நம்பர் இருந்துச்சு, பாரத்துல நம்பரை எழுதிக் குடுத்தா போதும், அந்தப் பக்கம் முழு வாழ்த்தும் அடிச்சுக் குடுப்பாங்க. 2013 ஜூலைல தந்தியே நின்னு போச்சு, அது வரைக்கும் யாரும் அந்த வாழ்த்தை மட்டமா நெனச்சதில்ல. ஆனா அங்க நம்பரைத் தேடி எடுத்தது அனுப்புறவரு. யாருக்கு, எதுக்குன்னு அவரு மனசுல வந்ததுக்கு அப்புறம்தான் கை நம்பர் பட்டியலுக்குப் போச்சு. எங்க டூல்ல வார்த்தை முன்னாடியே வந்து உக்காந்துக்கும்.

இன்னொரு அவசரமும் உண்டு. கடைங்களுக்கான வாட்ஸப்ல, கஸ்டமர் கடைசியா மெசேஜ் போட்டு 24 மணி நேரத்துக்குள்ளதான் நம்ம இஷ்டத்துக்கு எழுதலாம், அதைத் தாண்டிட்டா முன்கூட்டியே அப்ரூவல் வாங்கின டெம்ப்ளேட் மட்டும்தான் போகும். ஃபேஸ்புக் பேஜ்ல உடனடியா பதில் சொல்றவங்களுக்குன்னு ஒரு பச்சை பேட்ஜ் அப்ப குடுத்தாங்க, அதுக்கு நூத்துக்கு 90 மெசேஜுக்காவது பதில் போயிருக்கணும், 15 நிமிஷத்துக்குள்ள போயிருக்கணும். கடைக்காரங்க அந்தப் பச்சையை அப்படி ஆசைப்பட்டாங்க. மாசக் கடைசில நான் அனுப்புற ரிப்போர்ட்ல முதல் வரியே சராசரி பதில் நேரம்தான், அதைப் போல்டு பண்ணி வெப்பேன்.

புயல் வாரம்

ஃபெஞ்சலை இந்தப் பக்கத்துக்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. நவம்பர் 30 ராத்திரி கரை ஏறுன புயல் நகராம அங்கேயே நின்னு கொட்டுச்சு, பாண்டிச்சேரில ஒரே நாள்ல 48 செ.மீ.க்கு மேல மழை. கிருஷ்ணா நகர்ல ராணுவம் படகுல வந்து ஆளுங்களை எடுத்துச்சு. அது வடியறதுக்குள்ள சாத்தனூர் அணையில ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல திறந்துவிட்டு, தென்பெண்ணை எங்க ஊருக்குள்ள வந்துடுச்சு. நாணமேடு, குண்டு உப்பலவாடி பக்கம் எல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி. 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பாத்தவங்க நாங்க, அப்ப காத்து, இந்த தடவை தண்ணி. ரோட்ல தண்ணி ஏறினதால பஸ் ஓடல, நான் வீட்ல இருந்தே வேலை பாத்தேன். கரண்டு வரும் போகும், போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு, பவர் பேங்க்கை மடியில வெச்சுக்கிட்டு. நாலு நாளா சேந்த மெசேஜ், 600க்கு மேல நின்னுச்சு. கடை திறந்திருக்கா, டெலிவரி வருமா, புக்கிங் கேன்சல் பண்ணினா காசு திரும்ப வருமா. அனுப்பு, அனுப்பு, அனுப்பு. ஒரு கட்டத்துல கட்டை விரல் தானா போயி விழுது.

அந்தக் கூட்டத்துல இது ஒண்ணு. இங்கிலீஷ் எழுத்துல தமிழ்ல அடிச்சிருந்தாங்க. 'அண்ணா ஆகஸ்ட்ல உங்க கடையில ரெண்டு மெத்தை எடுத்தோம், ரெயின்போ நகர், வீட்டுக்குள்ள முட்டிக்கு மேல தண்ணி நின்னுச்சு, ரெண்டும் ஊறிப் போச்சு, அம்மா வேற படுத்த படுக்கையா இருக்காங்க.' அவ்வளவுதான். கேள்விக்குறி கிடையாது.

டிராஃப்ட் இப்படி இருந்துச்சு: 'வணக்கம். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மிகவும் வருந்துகிறோம். எங்கள் மெத்தைகளுக்கான வாரண்டி தயாரிப்புக் குறைபாடுகளுக்கு மட்டுமே பொருந்தும். தண்ணீரால் ஏற்படும் சேதம் இதில் அடங்காது. புதிய மெத்தைகளுக்கு இம்மாதம் 15% தள்ளுபடி வழங்கப்படுகிறது. நன்றி.'

இதுல ஒரு தப்பும் இல்லன்னுதான் அன்னிக்கு எனக்குப் பட்டிருக்கு. வாரண்டி கார்டுல அப்படித்தான் இருக்கு, தள்ளுபடி உண்மைதான், தமிழ்ல பிழை இல்ல, மரியாதையா இருக்கு. 4 செகண்டு போதும்னு தோணியிருக்கு. அவங்க ரெண்டு நிமிஷத்துல திருப்பி ஒரு வார்த்தை அனுப்பினாங்க, 'சரிங்கண்ணா'. டூல் அதைப் பாத்து பேச்சு முடிஞ்சுதுன்னு முடிவு பண்ணி, பச்சை டிக் போட்டு மூடிடுச்சு.

மாசக் கடைசி ரிப்போர்ட்டுக்காக லாக்கை இறக்கி, எது வேகமா போயிருக்குன்னு வரிசைப்படுத்திப் பாக்கும்போதுதான் அந்த வரி மேல வந்து நின்னுச்சு. நம்ம வேகத்தைக் காட்டிப் பெருமைப்பட எடுத்த லிஸ்ட். மெசேஜை முழுசா நான் படிச்சது அன்னிக்குத்தான், டிசம்பர் 31. 'அம்மா வேற படுத்த படுக்கையா'ங்கிற இடத்துல கண்ணு நின்னுடுச்சு. எங்க வீட்லயும் அந்த வாரம் பாட்டிய மேல் மாடிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தோம். தண்ணி, ஊறின பாய், வயசானவங்க, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சே 15 பர்சன்ட் தள்ளுபடின்னு அனுப்பியிருக்கேன்.

போன் பண்ணினேன். கடைலேர்ந்து பேசுறேன்னு சொன்னதும் அவங்க முதல்ல பயந்துட்டாங்க, ஏதாச்சும் பாக்கி இருக்கான்னு கேட்டாங்க. 'இல்லக்கா, அன்னிக்கு நீங்க ஒண்ணு கேட்டிருந்தீங்க'ன்னேன். 'அது வந்து, காய வெச்சா தேறுமா, தூக்கிப் போட்டுடணுமான்னு கேக்கலாம்னு இருந்தேம்மா. வாரண்டி எல்லாம் நான் நெனைக்கவே இல்ல. வெள்ளத்துக்கு யாரு வாரண்டி குடுப்பா? அவங்க வாரண்டி இல்லன்னதும், நம்ம காசு கேக்குறோம்னு நெனச்சுட்டாங்க போலன்னு கூச்சமாப் போச்சு, விட்டுட்டேன்.' பத்து நாளு மொட்டை மாடில வெயில்ல போட்டுப் போட்டு எடுத்திருக்காங்க, மேல காஞ்ச மாதிரி இருந்திருக்கு, அம்மாவைப் படுக்க வெச்ச அன்னிக்கு ராத்திரியே நாத்தம் தாங்கல. அதுக்கப்புறம் ரெண்டு கம்பளியை மடிச்சுப் போட்டு அதுமேல படுக்க வெச்சிருக்காங்க.

கடைக்காரர்கிட்ட சொன்னேன். அரும்பார்த்தபுரம் பக்கம்தான் கடை, பரம்பரையா பஞ்சு அடிச்ச குடும்பம். அவரு யோசிக்கவே இல்ல. 'ஃபோம்ல சாக்கடைத் தண்ணி ஏறிட்டா அன்னிக்கே தூக்கிப் போட்டுடணும்மா, வெளிய காயும், நடுவுல காயாது, பூஞ்சை புடிக்கும். இலவம் பஞ்சா இருந்தா உறையைப் பிரிச்சுக் கொட்டி, நல்லா வெயில் காட்டி, புது உறையில அடைச்சுக்கலாம், அதுவும் நோயாளிக்குன்னா நான் வேணாம்னுதான் சொல்வேன்.' கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, 'படுத்த படுக்கைன்னு சொல்லியிருந்தா டிஸ்ப்ளே பீஸ் ஒண்ணை ஆட்டோல ஏத்தி விட்டிருப்பேனே, ஏம்மா எனக்கு ஒரு போன் போடல?'ன்னாரு. அவங்க சொல்லத்தான் சொன்னாங்கண்ணா, நான்தான் படிக்கலன்னு என்னால உடனே சொல்ல முடியல. மறுநாள் போய் நேர்ல சொன்னேன். அவரு ஒண்ணும் திட்டல. அன்னிக்கே ஒரு மெத்தையை ரெயின்போ நகருக்கு அனுப்பி வெச்சாரு. நாலு வாரம் லேட்டு.

அப்பாவோட நான்கெல்லை

எங்கப்பா கடலூர்ல பத்திரம் எழுதுறவரா இருந்தவரு. ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு எதுத்தாப்ல ஒரு தகரக் கொட்டாய்ல மேசை, 30 வருஷத்துக்கு மேல. இந்தக் கதையை அவர்கிட்ட சொன்னப்ப, ஏஐன்னா இன்னான்னு அவரு கேக்கல. 'படிச்சுக் காட்டினியா?'ன்னு கேட்டாரு. யாருக்குப்பா, நான்தானே படிக்கிற ஆளு. 'அதான் கேக்குறேன், உனக்கு நீ படிச்சுக் காட்டினியா?'

அப்பாவோட வேலையும் இதேதானேன்னு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது. ஒருத்தர் எழுதுவாரு, இன்னொருத்தர் கைநாட்டு வெப்பாரு. வார்த்தை முழுக்க எழுத்தரோடது, பொறுப்பு முழுக்க கைநாட்டு வெச்சவரோடது. 'இந்தப்படிக்கு சம்மதித்து எழுதிக் கொடுத்த கிரையப் பத்திரம்'னு முடியும், ஆனா எழுதிக் கொடுக்கிறவருக்கு எழுதவே தெரியாது. நடுவுல அந்த சம்மதம் நெஜமா இருக்கணும்னா அப்பா என்ன பண்ணுவாருன்னு சின்ன வயசுல கொட்டாய்ல உக்காந்து பாத்திருக்கேன். வீட்டோட நான்கெல்லையை அவரு தாய்ப் பத்திரத்தைப் பாத்து எழுத மாட்டாரு. தாய்ப் பத்திரம் மேசை மேலயே இருக்கும், பக்கத்து மேசைக்காரங்க எல்லாம் அதைப் பாத்துத்தான் காப்பி அடிப்பாங்க. இவரு அதைக் கவுத்து வெச்சுட்டு, பேனாவை மூடிட்டு, 'உங்க வீட்டு வாசல்ல நில்லுங்க. வலது கைப் பக்கம் யாரு வீடு?'ன்னு ஆரம்பிப்பாரு. அந்தப் பெரியவர் கண்ணை மூடிக்கிட்டு, அவரு மனசுக்குள்ள வாசல்ல போய் நின்னுக்கிட்டு, கையை நீட்டி நீட்டிச் சொல்வாரு. வடக்க இன்னாரு வீடு, இல்லயில்ல, அவரு வித்துட்டாரு, இப்ப அங்க மாவு மில்லு. அதையெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக்கிட்டு, அதுக்கப்புறம்தான் தாய்ப் பத்திரத்தைத் திருப்புவாரு. ரெண்டும் ஒத்துப் போகாத இடத்துலதான் அப்பாவுக்கு வேலையே ஆரம்பிக்கும்.

ஏம்ப்பா நேரா படிச்சுக் காட்டி சரியான்னு கேட்டா போதாதான்னு நான் கேட்டிருக்கேன். 'எழுதினதப் படிச்சா எல்லாரும் ஆமான்னுதாம்மா சொல்வாங்க. முத்திரைத் தாள்ல மை காஞ்சு கெடக்குது, அதுல போயி யாரு தப்புன்னு சொல்லப் போறா?'

என் திரையில வலது பக்கம் நின்ன டிராஃப்ட் அந்த முத்திரைத் தாள்தான். அதைப் பாத்துட்டு இடது பக்க மெசேஜைப் படிச்சா, மெசேஜ்ல இருக்கிறது எனக்குத் தெரியாது, டிராஃப்டுக்குத் தோதான வார்த்தைதான் தெரியும். மெத்தை, ஊறிப் போச்சு, வாரண்டி, சரியா வருது, அனுப்பு. அம்மா வேறங்கிற ரெண்டு வார்த்தைக்கு டிராஃப்ட்ல எதிர்ப்பக்கம் ஒண்ணும் இல்ல, அதனால என் கண்ணுலயும் அது விழல.

அப்புறம் கொஞ்சம் படிச்சேன். லிண்டா ஸ்கிட்கா, கேத்லீன் மோசியர், மார்க் பர்டிக்னு மூணு ஆராய்ச்சியாளருங்க அமெரிக்காவுல விமானம் ஓட்டுற மாதிரி ஒரு செட்டப்ல ஆளுங்களை உக்கார வெச்சு சோதிச்சிருக்காங்க, 1999ல வந்த கட்டுரை. எச்சரிக்கை குடுக்குற கம்ப்யூட்டர் உதவி சில பேருக்கு உண்டு, சில பேருக்கு இல்ல. கம்ப்யூட்டர் சொல்லத் தவறின விஷயத்தை உதவி இருந்தவங்கதான் அதிகமா கோட்டை விட்டாங்க. கம்ப்யூட்டர் தப்பா சொன்னப்ப, பக்கத்துலயே சரியா காட்டுற மீட்டர் இருந்தும், நெறைய பேரு கம்ப்யூட்டர் பேச்சையே கேட்டாங்க. இதைப் படிக்கிறதுக்கு முன்னாடி என் மனசுல இருந்த தீர்வு, நான் ஓகே பண்றதை தம்பி இன்னொரு தடவை ஓகே பண்ணட்டும்ங்கிறது. அதே குழு 2000ல ரெண்டு ரெண்டு பேரா உக்கார வெச்சும் பாத்திருக்காங்க, தப்பு குறையவே இல்லயாம். எனக்கு அது ஆச்சரியமாவும் இல்ல, ரெண்டாவது ஆளு முன்னாடியும் அதே காஞ்ச மைதானே இருக்கப் போவுது.

டிராஃப்ட் எதுக்கு எப்பவும் மன்னிப்பு, வருத்தம்னே போகுதுங்கிறதுக்கும் ஒரு பழைய கதை கெடச்சுது. கூகுள் 2015 நவம்பர்ல மெயிலுக்கு மூணு குட்டிப் பதிலைத் தானா காட்டுற ஸ்மார்ட் ரிப்ளையைக் கொண்டு வந்தாங்க. அதோட ஆரம்பகட்ட மாடல், எந்த மெயிலைக் குடுத்தாலும் 'ஐ லவ் யூ'ன்னு பதில் சொல்லச் சொல்லுமாம். காரணம் என்னன்னா அது ரொம்ப அடிக்கடி வர்ற வாக்கியம், எங்க போட்டாலும் பெருசா இடிக்காது. என்ன சொல்றதுன்னு தெரியாத இடத்துல மாடல் எல்லார்க்கும் பொருந்துற வார்த்தைக்குப் போயிடும். கடைப் பேச்சுல அப்படி எல்லார்க்கும் பொருந்துறது 'சிரமத்திற்கு வருந்துகிறோம்'. அந்த அக்காவுக்கு வந்த சிரமம் என்னன்னு அந்த வாக்கியத்துக்குத் தெரியாது, தெரியத் தேவையும் இல்ல.

2024 பிப்ரவரில கனடாவுல ஒரு தீர்ப்பு வந்துச்சு. பாட்டி செத்துப் போன ஒருத்தரு, ஏர் கனடாவோட வெப்சைட்டு சாட்பாட்டுகிட்ட துக்கச் சலுகை டிக்கெட் பத்திக் கேட்டிருக்காரு, அது டிக்கெட் வாங்கிட்டு அப்புறம்கூட விண்ணப்பிக்கலாம்னு தப்பா சொல்லிடுச்சு, கம்பெனி காசைத் தர மாட்டேன்னுச்சு. சாட்பாட் பண்ணினதுக்கு அதுவேதான் பொறுப்புங்கிற மாதிரி வாதாடினாங்க, தீர்ப்பாயம் ஏத்துக்கல, கம்பெனிதான் பொறுப்புன்னு நஷ்டஈடு குடுக்கச் சொல்லிடுச்சு. இதைப் பத்தி எங்க தொழில்ல பேசுறப்ப எல்லாரும் சொல்றது, அங்க நடுவுல மனுஷன் இல்ல, நம்மகிட்ட மனுஷன் இருக்கான், நமக்குப் பிரச்சினை இல்லன்னு. எனக்கு இப்ப அதைக் கேட்டா வயித்தைக் கலக்குது. அங்க மெஷின் தப்பு பண்ணுச்சு. இங்க அதே தப்பு என் கைநாட்டோட போகும், கடைக்காரரும் மனுஷங்க பாத்தாங்கன்னு நம்பிக்கிட்டு இருப்பாரு.

துண்டுக் காகிதம்

டூல் செஞ்ச பையனைக் கூப்பிட்டு ஒரே ஒரு மாத்தம் கேட்டேன். மெசேஜ் வந்தா டிராஃப்ட் தெரியக் கூடாது. அந்த இடத்துல ஒரு காலிப் பெட்டி இருக்கணும், மேல 'இவங்களுக்கு என்ன வேணும்?'னு இருக்கணும். நாங்க நாலஞ்சு வார்த்தை எழுதினாத்தான் டிராஃப்ட் திறக்கணும், நாங்க எழுதினதையும் பாத்துட்டுத்தான் ஏஐ எழுதணும். 'அக்கா, ஸ்பீடு பாதியாயிடும்கா, அப்புறம் டூல் எதுக்கு?'ன்னான். அவன் கணக்கு சரிதான். ஒரு நாளைக்கு 200 பாத்த இடத்துல இப்ப 120, 130தான் முடியுது. நேரம், விலாசம், பார்க்கிங் மாதிரி கேள்விக்கெல்லாம் பெட்டி வேணாம்னு ஒதுக்கி விட்டும் அவ்வளவுதான். பேக்கரிக்கு பேட்ஜ் போச்சு. ஒரு கடைக்காரரு, ராத்திரில உடனே பதில் போகலன்னு வேற ஆளுகிட்ட போயிட்டாரு. மாசம் 6,000 ரூபா, எங்களுக்கு அது சின்னத் தொகை இல்ல. அவரு மேல எனக்கு வருத்தம் இல்ல, அவருக்கு நான் முன்னாடி வித்ததே வேகத்தைத்தான்.

ஆனா பெட்டி வந்ததுக்கு அப்புறம் மெசேஜே வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. ஸ்கேன் சென்டருக்கு ஒருத்தங்க 'ரிப்போர்ட் எப்ப வரும்'னு மூணாவது தடவை கேட்டிருந்தாங்க. டிராஃப்ட் முன்னாடியே இருந்திருந்தா, '24 மணி நேரத்தில் கிடைக்கும்'னு மூணாவது தடவையும் போயிருக்கும். பெட்டில தம்பி எழுதினது, 'பயந்துபோய் இருக்காங்க'. எழுதிட்டு அவனே போனை எடுத்து சென்டருக்கு அடிச்சு, அந்த ரிப்போர்ட் எங்க நிக்குதுன்னு கேட்டான், டைப்பிங்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு, அரை மணி நேரத்துல போயிடுச்சு. துணிக்கடைக்கு 'சூப்பர்ங்க உங்க சர்வீஸ்'னு ஒரு கமெண்ட். நன்றி, மீண்டும் வருகன்னு போயிருக்க வேண்டியது. பெட்டில எழுதணும்னா யோசிக்கணுமே, யோசிச்சு பழைய மெசேஜைப் பாத்தா, ஜாக்கெட் தைக்கக் குடுத்து முகூர்த்தம் முடிஞ்சும் வரல, அந்த வயித்தெரிச்சல்.

இது எழுதுறப்ப எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லத்தான் ஆசை. ஒரு அஞ்சு மாசம் கழிச்சு பெட்டில எழுதினதை மொத்தமா இறக்கிப் பாத்தேன். 'விலை கேக்குறாங்க', 'விலை கேக்குறாங்க', 'விலை', 'வி'. தம்பி மட்டும் இல்ல, நானும்தான். சில நாள் மத்தியானத்துக்கு மேல என் பெட்டி முழுக்க ஒத்தை எழுத்து. பெட்டி வேலை செய்யாம போகல, கை அதையும் கத்துக்கிச்சு.

அப்பாகிட்ட திரும்பப் போனேன். இந்த தடவை அவரு கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாரு, இதை வெளிய சொல்றது இல்ல போல. படிச்சுக் காட்டும்போது சில பேரு ரொம்ப வேகமா தலையாட்டுவாங்களாம், ஊருக்குப் போற பஸ்ஸு நெனப்புல. அப்படிப்பட்டவங்களுக்கு இவரு வேணும்னே ஒரு எல்லையை மாத்திப் படிப்பாராம். தாள்ல ரோட்டுக்கு வடக்குன்னு இருக்கும், இவரு வாயில ரோட்டுக்கு தெற்குன்னு வரும். ஆளு நிமிந்து பாத்து 'ஏங்க, தெற்கு இல்லயே'ன்னா, சரி, காது இங்கதான் இருக்குதுன்னு மேல படிப்பாரு. அதுக்கும் தலையாட்டினா, மூடி வெச்சுட்டு 'ஒரு டீ குடிச்சுட்டு வாங்க'ன்னு அனுப்பிடுவாரு. திரும்பி வந்தா முதல் வரிலேர்ந்து.

ஏர்போர்ட்ல பெட்டிங்களை எக்ஸ்ரேல பாக்குறவங்களுக்கும் இப்படி ஒண்ணு உண்டுன்னு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன், நடுநடுவுல இல்லாத கத்தி, துப்பாக்கியோட படத்தை சிஸ்டமே பெட்டிக்குள்ள இருக்குற மாதிரி காட்டும், கண்டுபுடிச்சாங்களா விட்டாங்களான்னு குறிச்சுக்கும். அப்பாவுக்கு இது யாரும் சொல்லிக் குடுக்கல.

பையன்கிட்ட சொல்லி அதையும் வெச்சாச்சு. தினம் ஆளுக்கு மூணு டிராஃப்ட் வேணும்னே தப்பா வரும். கேட்டது ஒண்ணு, பதில் ஒண்ணு, ஆனா மரியாதையா, பிழையில்லாம, நம்புற மாதிரி. எது எப்ப வரும்னு எங்களுக்குத் தெரியாது. அதை அனுப்புன்னு அழுத்தினா கஸ்டமருக்குப் போகாது, திரை செவந்துடும், அவ்வளவுதான். ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டது, செவந்தா அந்த ஆளு அன்னிக்கு எழுந்திரிச்சுடணும், சாக்கு சொல்லக் கூடாது.

முதல் வாரம் ரெண்டு பேரும் தப்பிச்சோம். ரெண்டாவது வாரம் செவ்வாய்க்கெழம மத்தியானம் 3 மணி இருக்கும், ஹோம்ஸ்டேக்கு ஒரு மெசேஜ், மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு, ரூமு கீழ கிடைக்குமான்னு. டிராஃப்ட்ல, எங்களோட மாடி ரூம்லேர்ந்து கடல் அழகா தெரியும், நேரா கடற்கரை சாலைக்கு நடந்தே போயிடலாம்னு ரொம்ப அன்பா எழுதியிருந்துச்சு. நான் பெட்டில 'ரூம்'னு எழுதியிருந்தேன். அழுத்தினேன், செவந்துடுச்சு. தம்பி திரும்பிப் பாத்தான், ஒண்ணும் சொல்லல, அவனோட நாற்காலிய என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டான். நான் பையை எடுத்துக்கிட்டு கீழ எறங்கி டீக்கடைக்குப் போனேன்.